ஆறு வாக்கியம் குறைகிறது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் முத்துச்செல்வி என்ற பெண், தன்னிடம் வரும் எழுபத்தோரு வயதுக்காரர் ஒருவரிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். வீட்டில் தினமும் வாய்விட்டுச் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதிவர வேண்டும். அவருக்கு நான்குதான் கிடைத்தன. மீதி ஆறைக் கற்பனை செய்து எழுதச் சொன்னாள். எழுதினார். எழுதிய ஆறும் சும்மா இருக்கவில்லை.

அந்த எழுபத்தோரு வயதுக்காரருக்கு இந்தக் கதையில் கஸ்பார் என்று பெயர். அவர் நானில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 'நான்' என்று எழுதி அவரை நாலு பேர் முன்னால் நிறுத்தவும் மாட்டேன். குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதப் போவதில்லை. கீழவைப்பாருக்கு இந்தப் பக்கம், கடலோரம். அவ்வளவு போதும்.

இன்னொன்று. எழுதியதைத் தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது முத்துச்செல்வியின் கட்டளை. ஆகவே வாக்கியங்கள் சின்னவை. ஒரே மூச்சில் முடியாதவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். எங்காவது வாக்கியம் அறுந்து கிடந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: மாப்பிள்ளையூரணியில் காசிலிங்கம் என்று ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். அவருக்குக் குரல் போய்விட்டது.

(யாரும் அடையாளம் காணக் கூடாதென்று ஊரையும் ஆளையும் மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. கடைக்காரர் விரலைக் காட்டினாலே வியாபாரம் நடக்கும். காசிலிங்கத்துக்குக் குரல் போனால் நஷ்டம் காசிலிங்கத்துக்குக்கூட இல்லை.)

தொடக்கம் இரண்டு: தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் முப்பத்திரண்டு வருஷம் தண்டலாக இருந்தவர் கஸ்பார். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். பின்புறம் நின்று அவர் ஒருமுறை சொன்னால், எதிர்க்காற்றிலும் முன்முனையில் நிற்பவனுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட குரல், மெல்ல மெல்ல, கடற்காற்றில் கரைகிற உப்பைப் போல, அவருக்கே தெரியாமல்—

(உப்பு எங்கே காற்றில் கரைகிறது? அலங்காரம் செய்யப் போனால் இப்படித்தான். மூச்சும் முடிந்துவிட்டது.)

தொடக்கம் மூன்று: லிங்கராஜ் அண்ணாச்சிக்குக் காது போய்விட்டது என்று கஸ்பார் முடிவு செய்தார்.

இது நிற்கிறது. இங்கிருந்தே போகலாம்.

3

லிங்கராஜுக்குத் தெருமுனையில் மளிகைக் கடை. கஸ்பார் போய் அரைக் கிலோ கருப்பட்டி கேட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"கருப்பட்டி. அரைக் கிலோ."

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, லாரி போவுது."

லாரி போய் நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

"நல்ல காது டாக்டராப் போய்ப் பாரும்வே" என்றார் கஸ்பார். அதுவும் லிங்கராஜுக்குக் கேட்கவில்லை. "ஆகட்டும் அண்ணாச்சி" என்று பணிவாகச் சொல்லி அரைக் கிலோ பருப்பைக் கட்டிக் கொடுத்தார். கட்டிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையல்ல. கஸ்பார் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்கப் பருப்பு.

அதற்குப் பிறகு கடைக்குச் சீட்டுதான் போயிற்று. காலையில் வந்து வீட்டைப் பெருக்கி ஒரு வேளைச் சமையலும் செய்துவிட்டுப் போகும் ஆறுமுகத்தாய் அதைக் கொண்டுபோவாள். "அண்ணாச்சி பெரிய ஆபீசராயிட்டாவளோன்னு லிங்கராஜ் அண்ணாச்சி கேக்காரு" என்று திரும்பி வந்து சொல்வாள். கஸ்பார் பதில் சொல்வார். அது அவளுக்கும் கேட்காது. இவளுக்கும் காது போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அவர் மனைவி பிளாரன்ஸ் இறந்து ஐந்து வருஷம். மகள் ஜெஸ்லின் தோஹாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள்.

"அப்பா, மியூட்ல இருக்கீங்க."

அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

"கீழே மைக் படம் இருக்கும்ப்பா, அதை அமுக்குங்க."

அமுக்குவார். அப்போது உண்மையாகவே மியூட் ஆகிவிடும்.

விடுமுறைக்கு வந்தபோது புதுப் போனும் புது சிம்மும் வாங்கிக் கொடுத்தாள். ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்தபின், பழுது போனில் இல்லை என்று புரிந்து நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். எழுதச் சொன்னார். நடக்கும்போது இடது கை வீசவில்லை. எழுத்து வரியின் முடிவில் எறும்பளவு சிறுத்துவிட்டது. பார்க்கின்சன் என்றார்.

"இது வெளிய தெரியுமா?" என்று கஸ்பார் கேட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் டாக்டர்.

(யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜெஸ்லினிடம் சத்தியம் வாங்கினேன். வாங்கினார் என்று இருக்க வேண்டும். திருத்த இடமில்லை, வரி நெருக்கமாகிவிட்டது.)

4

முத்துச்செல்வி ஆழ்வார்திருநகரிக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் மாடியில் சின்ன அறை. வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம் என்று ஏற்பாடு. முதல் நாளே மேசையில் ஒரு போனை நிறுத்தி வைத்தாள். சத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டும் போன்.

"ஆ-ன்னு சொல்லுங்க ஐயா. மூச்சு முடியுத வரைக்கும்."

சொன்னார். ஒன்பது விநாடி. ஐம்பத்தெட்டு டெசிபல்.

"இப்பக் கத்துங்க."

"இது கத்தலில்லாம பின்ன என்ன?"

அவள் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினாள். யாரோ பக்கத்து அறையில் பெருமூச்சு விடுவதுபோல் இருந்தது.

"உங்க போன் ரிப்பேர்" என்றார் கஸ்பார்.

அவள் சிரிக்கவில்லை. தன் குரலைப் பதிவு செய்து போட்டாள். மணிபோல் கேட்டது. பிறகு விளக்கினாள். இந்த நோய் வந்தவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தங்களுக்குத் தெரியாது. முணுமுணுப்பு அவர்கள் காதில் சாதாரணப் பேச்சாக விழும். சாதாரணமாகப் பேசினால் கத்துவதாகத் தோன்றும். "அதனால உங்களுக்கு எப்பக் கத்துதோம்னு வெக்கமா இருக்கோ, அப்பத்தான் எங்களுக்கு ஒழுங்காக் கேக்கும்" என்றாள்.

கஸ்பார் அன்று ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறவில்லை. கடற்கரைச் சாலையில் வெகுநேரம் நின்றார். லிங்கராஜ், ஆறுமுகத்தாய், ஜெஸ்லின், எல்லோருடைய காதும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர்த் திருநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

5

திருநாளன்று மாதா சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் பவனி கொண்டுபோவோம். படகுகள் கரையில் காத்திருக்கும். எங்கள் வீட்டின் மூத்த ஆண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று ஒரு வரியைக் கூப்பிட வேண்டும். முதற்குரல் என்று அதற்குப் பெயர். அது எழாமல் ஒரு படகும் நகராது. ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டுக்குள்ள மரியாதை.

(இந்த இடத்தில் அந்த வரி வர வேண்டும். எழுத மாட்டேன். அந்த நாள் தவிர வேறெந்த நாளிலும் அதை வாயால் சொல்லக் கூடாது. சொல்லிக் கொடுப்பதும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டுத்தான் அடுத்தவன் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை நான் தினமும் சத்தமாக வாசிக்கிறவன். ஆகவே இங்கே வெற்றிடம்.)

போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் கஸ்பார் தண்ணீரில் நின்று கையை உயர்த்தி வானம் கிழியக் கூப்பிட்டார். படகுகள் நகர்ந்தன. இப்போதுதான் விளங்கியது. ஊர் முழுவதும் அவருடைய கையைப் பார்த்துத்தான் படகைத் தள்ளியிருக்கிறது. இரண்டு வருஷமாக ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவுமில்லை.

"உங்களுக்கு முக்கியமா எந்த வாக்கியம் வரணும் ஐயா?" என்று முத்துச்செல்வி கேட்டாள்.

"ஒண்ணு இருக்கு. சொல்ல முடியாது."

"குரல் வராதுன்னா?"

"வந்தாலும் சொல்லக் கூடாது. வருஷத்துல ஒரு நாளுதான்."

"நல்லாருக்கே! படிக்க மாட்டேன், பரீச்சைக்கு மட்டும் போவேங்கிய."

எழுபத்தோரு வயதில் அவரை இப்படிக் கேலி செய்தவர்கள் கிடையாது. கஸ்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, மத்த வாக்கியத்துலயாவது பழகுவோம். தினமும் பேசுதது பத்து எழுதிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் கொண்டுபோனார். 'மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, ஊர்க் கமிட்டியாரே' என்று தொடங்கி ஒரு பக்கம். அவள் படித்தாள்.

"இதைத் தினமும் யார்ட்ட சொல்லுதிய?"

அதற்கு மறுநாள் கஸ்பார் ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து தான் பேசுவதையெல்லாம் எழுதினார். ஆறுமுகத்தாயிடம், 'தண்ணி வந்துட்டா?' வாசலில் படுத்திருந்த நாயிடம், 'அங்கன போ.' ஆறுமுகத்தாயிடம் மறுபடி, 'கதவைச் சாத்திட்டுப் போ.' அப்போது மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஒரு பெண் போன் செய்தாள். 'வேண்டாம்மா' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அதையும் எழுதினார். பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். சாயந்தரம் வந்தது. பக்கம் அப்படியே இருந்தது.

இந்த இடத்தை நான் மூன்றுமுறை எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து பேசுவதாகவும் ஒரு வடிவம் இருக்கிறது. அவர் வரவில்லை.

6

கற்பனையாக எழுதிய ஆறு இவை.

ஏலே, சாப்ட்டியா?
ஏலே, வாடைக்காத்து மாறிட்டு, பாத்தியா?
ஏலே, அந்தக் கயித்த இங்கன போடு.
ஏலே, அம்மா கல்லறைக்கு மெழுகுதிரி வாங்கிட்டியா?
ஏலே, சட்டையப் போடு, ஆளு வருது.
ஏலே, பக்கத்துல நில்லு.

"யாரு ஐயா இந்த ஏலே?"

"கற்பனை."

"கற்பனைக்கு ஏன் சட்டை போடச் சொல்லுதிய?"

அவள் போனை நாலடி தள்ளி வைத்து, "சரி, கூப்பிடுங்க" என்றாள். எழுபத்தொன்று வந்தது. எழுபத்து மூன்று. 'பக்கத்துல நில்லு' மட்டும் அறுபதிலேயே நின்றது.

வீட்டிலும் காலையும் மாலையும் பயிற்சி. சன்னல்களை அடைத்துக்கொண்டுதான் செய்தார். இரண்டாம் நாளே ஆறுமுகத்தாய் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"யார அண்ணாச்சி வையுதிய?"

"யாரையுமில்ல."

"பக்கத்து வீட்டு அல்போன்சா அக்கா கேக்காவ, தம்பி வந்திருக்காவளான்னு. சாப்ட்டியான்னு கேக்குத சத்தம் வந்துச்சாம்."

இனி மறைத்துப் பயனில்லை. அந்த ஏலே கஸ்பாரின் தம்பி இனிகோ. அவனை இந்தக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் எனக்கு நாலு நாள் போயிற்று.

முதலில் எழுதியது: இனிகோ குடிகாரன்.

(அடிக்கிறேன். அவன் பண்டிகைக்குக்கூடத் தொட்டதில்லை.)

அடுத்து: இனிகோ பொறாமைக்காரன். முதற்குரலின்மேல் கண்ணாக இருந்தவன்.

(இதையும். ஆனால் இதைச் சத்தமாக வாசித்தபோது எழுபத்தெட்டு டெசிபல் வந்தது. என்னிடம் அதுவரை வந்த எண்களில் அதுதான் பெரியது. முத்துச்செல்வியிடம் காரணத்தைச் சொல்லவில்லை.)

நடந்தது இது. மூன்று வருஷத்துக்கு முந்திய திருநாள். கஸ்பார் தண்ணீரில் நின்று கூப்பிட்டார். வழக்கம்போல இனிகோ ஓரடி பின்னால் நின்றான். பாதி வரியில், தனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்து மீதி வரியைத் தூக்கிக்கொண்டு போனதைக் கஸ்பார் கேட்டார். படகுகள் நகர்ந்தன. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கூப்பிட்டது நன்றாக இருந்தது என்று கரையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பார் எழுந்து நின்றார்.

"நம்ம அப்பா உசுரோட இருக்கும்போது நான் பாதி வரியப் பிடுங்கலலே. இனிமே என் வாசப்படி மிதிக்காத."

இனிகோ இலையை மூடினான். "நீ நிறுத்திட்டன்னு நெனச்சேன்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த வாக்கியத்தைக் கஸ்பார் மூன்று வருஷமாகத் திமிர் என்றே வைத்திருந்தார்.

அவர் நிறுத்தவில்லை. அவர் காதில் தன் குரல் முழுதாகக் கேட்டது. வெளியே பாதியில் அறுந்துவிட்டது. ஓரடி தள்ளி நின்றவனுக்கு மட்டும் அது தெரிந்தது. ஊர் பார்த்துவிடும் முன்னால் அவன் அதைத் தாங்கிப் பிடித்தான்.

எப்போது தொடங்கியது என்று டாக்டரும் முத்துச்செல்வியும் கேட்டபோது 'போன வருஷம்' என்று கஸ்பார் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்பே நோயைக் கண்டவன் இனிகோ. அவனைத்தான் அவர் எல்லோர் முன்னாலும்—

(இது மூச்சு முடிந்ததால் நின்ற வாக்கியம் அல்ல.)

7

இன்று வியாழக்கிழமை. வருகிற ஞாயிறு திருநாள். கதையை முடிக்க நினைத்து மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கஸ்பார் தண்ணீரில் இறங்குகிறார். அவருடைய பழைய குரல், தோணியின் முன்முனைக்குக் கேட்ட குரல், திரும்பி வருகிறது. கரையில் எல்லோரும் அழுகிறார்கள். (முத்துச்செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். "பதினாறு நாள் பயிற்சிக்கு இது ரொம்ப ஜாஸ்தி ஐயா" என்றாள். தெருமுனை வரை எட்டும், கடலுக்கு எட்டாது என்பது அவள் கணிப்பு.)

இரண்டு. கையை உயர்த்துகிறார். ஊர் இரக்கப்பட்டுப் படகைத் தள்ளுகிறது. இது நிச்சயம் நடக்கும். ஆள் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் நடக்கும். தெரியாமல் வாங்கிய இரக்கத்தை இனித் தெரிந்தே வாங்க வேண்டும். எங்கள் அப்பா இதைச் செய்திருப்பாரா என்று யோசித்தேன். செய்திருக்க மாட்டார். அதோடு, கையைப் பார்த்து யாரும் அந்த வரியைக் கற்றுக்கொள்ள முடியாது. ஜெஸ்லின் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. முழுதாகக் கேட்டுப் பிடித்துக்கொண்டவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். கஸ்பார் வாய் திறக்காமல் போனால் குடும்பத்து மரியாதை என்று அவர் காத்தது ஒரு கை அசைவாக மிஞ்சும்.

மூன்று. இனிகோ கூப்பிடுகிறான். கஸ்பார் ஓரடி பின்னால் நிற்கிறார். (இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. ஓரடி பின்னாலிருந்து கடல் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது.)

மூன்றாவதற்கு இனிகோவின் சம்மதம் வேண்டும். கதாபாத்திரத்திடம் சம்மதம் கேட்கும் வழக்கம் எழுதுகிறவர்களுக்கு இல்லை. கஸ்பாருக்கும் இருந்ததில்லை. வீட்டில் யார் என்ன பேச வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். பிளாரன்ஸ் மருமகன் வீட்டாரிடம் என்ன சொல்ல வேண்டும், ஜெஸ்லின் என்ன படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும், இனிகோ எந்தக் கூட்டத்தில் வாய் திறக்கலாம், எல்லாம் அவரே. அவர்கள் எல்லோரும் நல்லபடியாகத்தான் ஒப்பித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

8

பிற்பகல் மூன்று மணி. ஆறுமுகத்தாய் போய் வெகுநேரமாகிறது.

இனிகோவின் எண் புதுப் போனில் இல்லை. பிளாரன்ஸின் நோட்டில், அவள் கையெழுத்தில், 'கொழுந்தன்' என்று இருக்கிறது. கஸ்பார் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். விரல் நடுங்கி இரண்டுமுறை தவறியது. மூன்றாம் முறை மணி போயிற்று.

"அலோ."

"ஏலே இனிகோ" என்றார். அவருக்கு அது கத்தலாகவே இருந்தது.

"அலோ, யாரு?"

"நான்தாம்ல."

"யாரு பேசுதது? சத்தமே வரலிய. அலோ?" பிறகு பக்கத்தில் யாரிடமோ, "யாருன்னு தெரியல, புது நம்பர். மூச்சு மட்டும் கேக்கு."

கஸ்பார் சிவப்பை அமுக்கிவிட்டார்.

இந்தக் கதையில் நான் சொல்லக் கூச்சப்படுகிற செயல்கள் பல இருக்கின்றன. ஆனாலும் இதுதான் எல்லாவற்றிலும் சின்னத்தனம். முத்துச்செல்வி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். வயிறு நிறைய மூச்சு எடுக்க வேண்டும். வெட்கம் வரும் அளவுக்குச் சத்தம் போட வேண்டும். ஒன்றையும் செய்யவில்லை. தம்பியிடம் பேசச் சத்தம் எதற்கு என்ற பழைய மிதப்பு.

அதற்குப் பிறகு இந்த எட்டாம் பகுதியை எழுத உட்கார்ந்தேன். கஸ்பார் மறுபடி கூப்பிடுவதாக எழுதலாமா, திருநாள் முடியட்டும் என்று காத்திருப்பதாக எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வரி தயாராக இருந்தது.

போன் அடிக்கிறது.

பிளாரன்ஸ் நோட்டில் இருக்கும் அதே எண். ஒருமுறை முழுதாக அடித்து ஓய்ந்தது. அப்போது நான் மேலேயுள்ள பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது இரண்டாம் முறை. தெரியாத எண்ணுக்கு ஒருவன் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டான். மூச்சு மட்டும் கேட்டது என்றான். எவருடைய மூச்சு என்று கண்டுகொண்டானோ என்னவோ. அவன் என்ன சொல்வான் என்று என்னால் ஒரு வரி எழுத முடியும். நன்றாகவே வரும். எழுத மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் உங்களுக்குத் தம்பி இல்லை, கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள்.

சன்னலைத் திறந்துவிட்டேன். அல்போன்சா வீட்டில் ஆள் இருக்கிறார்கள். நேராக உட்கார்ந்துவிட்டேன். ஒரே கையால் எழுதவும் போனைப் பிடிக்கவும் முடியாது, மற்றது நடுங்குகிறது.

பேனாவை வைக்கிறேன்.